திங்கட்கிழமை மூச்சிரைப்பும் திரையில் ஒரு மில் தொழிலாளியும்

மருத்துவக் கல்லூரியில் முதல் வருசம் சேர்ற பிள்ளைகள், நிஜ நோயாளியைப் பார்க்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் திரையில் ஒரு நோயாளியோட பேசிப் பழகறாங்க. இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன். ஆனா முதல்ல என் கதை ஒண்ணு.

நான் படிச்ச காலத்துல முதல் ஒன்றரை வருசம் பிரேதமும் டெஸ்ட் டியூபும்தான். வார்டு வாசலை மிதிச்சது அதுக்கப்புறம். எனக்குக் கொடுத்த முதல் கேஸ், ஐம்பது வயசு ஸ்பின்னிங் மில் தொழிலாளி. இருமல், மூச்சிரைப்பு. கையில் இருந்த பட்டியல்படி கேட்டேன். சளி வருதா, காய்ச்சல் உண்டா, பீடி பழக்கம் உண்டா? எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொன்னார். நடுவுல அவரே, "திங்கக்கிழமைன்னா நெஞ்சு இறுக்கிப் புடிக்குதுங்க தம்பி, புதன் வியாழன்ல பரவால்லீங்க"ன்னார். என் பட்டியலில் திங்கட்கிழமை இல்லை. அதை எழுதிக்கவே இல்லை. ஆஸ்துமான்னு முடிச்சுட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த ஆசிரியர் அவர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டார். "மில்லுல எந்த டிபார்ட்மெண்டுங்க?" ப்ளோ ரூம்னு பதில் வந்துச்சு. பஞ்சுப் பொதியைப் பிரிச்சு அடிக்கிற இடம். கார்டிங்கும் அதுவும்தான் மில்லுலயே தூசி அதிகமான பகுதிகள்.

அந்த நோய்க்குப் பேரு பிசினோசிஸ். பஞ்சுத் தூசியோட ஒட்டி வர்ற பாக்டீரியா நச்சு மூச்சுக்குழாயை இறுக்கிடும். வார லீவு முடிஞ்சு திரும்பப் போற முதல் நாள் அதிகமாத் தெரியும், ஆரம்பத்துல. கவனிக்காம விட்டா, வருசங்கள் போகப் போக எல்லா நாளும் அப்படி ஆகிடும். சட்டப்படி இது அறிவிக்க வேண்டிய தொழில்நோய். இழப்பீட்டுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. நான் ஆஸ்துமான்னு எழுதின சீட்டு அப்படியே போயிருந்தா, அந்த மனுசனுக்கு இழப்பீட்டுக்கு வழியே இல்லாமப் போயிருக்கும். இத்தனை மில்லு இருக்கிற ஊர்ல படிச்சிட்டு அது எனக்குத் தோணலை.

இப்ப நிலைமை வேற. 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் முதல் வருசத்திலேயே நோயாளி அறிமுகம் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூணுக்கும் தலா 30 மணி நேரம், மொத்தம் 90-ன்னு அப்ப வெச்சிருந்தாங்க. திறன் ஆய்வகமும் கட்டாயம். ஆனா ஒரு வகுப்பு முழுக்க ஒரே கட்டிலைச் சுத்தி நின்னா அந்த நோயாளி என்ன பாடுபடுவார்? அதனாலதான் திரை நோயாளி.

நடிச்சுக் காட்டுற நோயாளிங்கிற யோசனை ரொம்பப் பழசு. அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே ஒருத்தரை நோயாளி மாதிரி பழக்கி மாணவர்கள் முன்னாடி உட்கார வெச்சார். இப்ப அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யுது. நீங்க கேள்வி கேட்டா பதில் வரும், பரிசோதனை எழுதினா ரிசல்ட் வரும், தப்பா முடிவெடுத்தா நிலைமை மோசமாகும்.

நாங்க முதல்ல பார்த்த மென்பொருளில் இருந்த ஆள் இங்கிலீஷ்ல, நல்லா வரிசையா பதில் சொன்னார். நம்ம ஊர்ல யாருங்க அப்படிச் சொல்றாங்க? "கிறுகிறுன்னு வருதுங்க", "வாயு புடிச்சிருக்குங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதனால நானே ஒரு கேஸ் எழுதினேன். அந்த ப்ளோ ரூம் தொழிலாளியேதான், பேரு ஊரு எல்லாம் மாத்தி. பெரிய மென்பொருள் எல்லாம் இல்லீங்க; ஸ்லைடுக்கு ஸ்லைடு இணைப்பு கொடுத்து, கிளை கிளையாப் பிரியற மாதிரி செஞ்சதுதான். எழுதறதுதான் கஷ்டம், செலவு கம்மி.

முதல் தடவை சொதப்பிருச்சு. பிள்ளைகள் இருந்த கேள்வியை எல்லாம் ஒண்ணு விடாம அமுக்கிட்டாங்க. நோயாளி சலிக்காம பதில் சொல்றாரே, அவங்களுக்கு என்ன நஷ்டம்? அடுத்த தடவை கேள்விகளுக்கு ஒரு வரம்பு வெச்சேன். அதைத் தாண்டினா, "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறனுங்க"ன்னு அவர் எந்திரிச்சிடுவார். அதுக்கப்புறம்தான் எதை முதல்ல கேக்கறதுன்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. என்ன வேலைன்னு மட்டும் கேட்டா "மில்லுக்குப் போறனுங்க"ன்னு நிறுத்திக்குவார். லீவு நாள்ல எப்படி இருக்குன்னு கேட்டாத்தான் திங்கட்கிழமை வெளியே வரும்.

இதைப் பெரிய மாயாஜாலமா நினைக்க வேண்டாம். 2010-ல் டேவிட் குக்கும் கூட இருந்தவங்களும் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. எதுவுமே சொல்லித்தராம விடறதோட ஒப்பிட்டா திரை நோயாளியால் நல்ல பலன் இருக்கு. நல்ல வழக்கமான பாடத்தோட ஒப்பிட்டா வித்தியாசம் கொஞ்சம்தான். என் அனுபவமும் அதுதான். ஸ்டெதாஸ்கோப் பிடிக்கத் திரை சொல்லித்தராது. கட்டிலில் இருக்கிறவர் முகம் சுளிக்கிறதையும் காட்டாது.

போன மாசம் அந்த பேட்ச்ல ஒரு பொண்ணு வார்டுல ஒரு பாட்டிகிட்ட பேசிட்டு இருந்தா. மூட்டுவலிக்கு வந்தவங்க. எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "என்ன வேலைங்க பாட்டி செஞ்சீங்க?"ன்னா. பாட்டி சிரிச்சிட்டு, "இருபது வருசம் மஞ்சக்காடு கண்ணு, குனிஞ்சே கெடந்தேன்"னாங்க. அந்தப் பொண்ணு நோட்டுல எழுதினதுக்கு அப்புறம் நிமிர்ந்து, "லீவு நாள்ல வலி எப்படிங்க பாட்டி?"ன்னா.

"காட்டு வேலைக்கு லீவு ஏது கண்ணு"ன்னாங்க பாட்டி. அதையும் எழுதிக்கிட்டா.