பத்து வெள்ளி



1950ஆம் ஆண்டுகளின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டாடினார்கள். நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தார்கள்.

அப்போது நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டந் தோட்டமாக ஏறி இறங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டினால் தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது.

மந்திரி பேச்சுக்குக் கைதட்டுவது சுலபம். அரிசிக் காசிலிருந்து பத்து வெள்ளி எடுத்துக் கொடுப்பது லேசா, சொல்லுங்கள்? பால்மரம் வெட்டிய என் பாட்டி கொடுத்தார். தாத்தா சத்தம் போட்டாராம்.

"மந்திரியே லயத்து வாசலுக்கு வந்து கேக்கிறாருங்க. எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றாராம் பாட்டி.

அந்தப் பங்குப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.