எச்சரிக்கை வந்தது, ஊருக்குச் சொல்லவில்லை



2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்கள். கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். எல்லாவற்றிலும் குண்டுகள் வெடித்தன. அன்று 260க்கும் அதிகமானோரை இழந்தோம். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள்.

இது வரப்போகிறது என்று இந்தியா ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்குச் சொல்லிவிட்டது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினார். தாக்குதலை நடத்திய குழுவின் தலைவர் சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்றும் இருந்தது. தலைமறைவாக இருந்த அவரது தம்பி இரவில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்து போகிறார் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது!

இத்தனை விபரமான கடிதம் பிரமுகர்களையும் தூதரகங்களையும் காக்கும் பிரிவுகளுக்குப் போனது. பூசைக்குப் போகும் சனத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. 2018 ஒக்டோபர் அரசியல் நெருக்கடிக்குப் பிறகு பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தன்னை அழைக்கவில்லை என்றார் அன்றைய பிரதமர். மேலிடத்திலேயே பேச்சுவார்த்தை இல்லாதபோது, கீழே இருக்கும் பொலிஸ் நிலையத்துக்கு என்ன வந்து சேரும்?

அதற்கும் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவில் காவலில் நின்ற இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பழி முன்னாள் போராளி ஒருவர் மேல் விழுந்தது. அவர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது குண்டுகள் வெடித்த பிறகுதான் வெளிவந்தது. இடையில் 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. இவை எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இருக்கவில்லை.

இரகசியம் காக்க வேண்டும் என்பார்கள். தகவல் தந்தவர் யார் என்பதை மறைக்கட்டும், அது நியாயம். ஆபத்து எங்கே வரும் என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கடமை தவறியதற்காக, தாக்குதலின்போது பதவியில் இருந்த ஜனாதிபதி 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அதிகாரிகளும் தப்பவில்லை. ஆனால் பணத்தோடு இது முடியக்கூடாது. எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் அந்தந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் யார் பொறுப்பு என்பதைச் சட்டமாக எழுதுங்கள். உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள், நேயர்களே.