நாலு பேர் வேலை செய்யும் கடை

சின்ன ஜவுளிக்கடை, நாலே பேர் வேலை. முதலாளியே பாலியல் தொல்லை கொடுத்தால் அங்கே வேலை செய்யும் பெண் யாரிடம் போவாள்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பெண்ணின் சமத்துவ உரிமையையே பறிக்கிறது என்றது உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு. அதிலிருந்து பிறந்ததுதான் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பணியிடத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். இது பலருக்கும் தெரியும். சின்னக் கடைப் பெண்களுக்கும் வீட்டு வேலை செய்யும் அக்காமாருக்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு என்பது அவர்கள் காதுக்கே போய்ச் சேரவில்லையே, அதுதான் என் வருத்தம். முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு அனுமதிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவினரே எழுத உதவ வேண்டும், சட்டமே அப்படிச் சொல்கிறது. குழு எங்கே இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் இன்றே விசாரித்து வையுங்கள்.