நலங்கு மாவும் நம்ம கணக்கும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று குழுக்கள் ஒரே கேள்வியைக் கேட்டன. "வயல் வேலை இல்லாத மாசத்துல குளியல் பொடி, சோப்பு, சீயக்காய்னு செஞ்சு விக்கலாம்னு இருக்கோம். கடன் கிடைக்குமா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். கடனைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் தொழிலைப் பற்றிப் பேசுவோம்.

இது நம்மால் முடியாத தொழில் இல்லை. ஷாம்பு என்றால் வசதியானவர்கள் பாட்டிலில் வாங்குவது என்று இருந்த காலத்தில், கடலூர் சின்னிகிருஷ்ணன் அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டுத் தனியாக வந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். அந்தக் கம்பெனிதான் 1998இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது. வாங்குகிற பெண்ணின் கையில் இன்றைக்கு எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்துப் பாக்கெட் போட்டார்கள். அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். கால் கிலோ பாக்கெட் வாங்கத் தயங்குகிறவர் ஒரு குளியலுக்கான பாக்கெட்டை வாங்கிப் பார்ப்பார்.

நம்ம ஊருக்கு இன்னொரு பலமும் உண்டு. செட்டிநாட்டுப் பலகாரத்தை வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். கைப்பக்குவத்தின் மேல் உள்ள நம்பிக்கைதான் காரணம். கல்யாண வீட்டுக்கு நலங்கு மாவு வேண்டும். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கையில் எதையாவது வாங்கிப் போக நினைக்கிறார்கள். நம்ம ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் பொடிக்கும் மதிப்பு, கொட்டான் முடைகிறவருக்கும் வருமானம்.

நான் செய்த தவறு

இப்போது என் தவறைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவை நான்தான் உற்சாகப்படுத்தி இந்தத் தொழிலில் இறக்கினேன். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் போட்டு அருமையாக அரைத்தார்கள். முதல் மாதம் நன்றாக விற்றது. ஐப்பசி அடைமழை வந்தது. சரியாகக் காயாத சரக்கை அரைத்திருந்தோம். பொடி கட்டி தட்டி, வண்டு விழுந்து, அறுபது பாக்கெட் திரும்பி வந்தது. கடன் சொல்லி வாங்கியவர்கள் பணமும் தரவில்லை. தவணை கட்ட அந்த அக்காமார்கள் ஆட்டை விற்றார்கள். சமூகப்பணி படித்த எனக்குக் கூட்டம் நடத்தத் தெரிந்தது, கணக்குப் போடத் தெரியவில்லை. அதனால் அந்தக் கணக்கை இன்று உங்கள் முன்னால் போடுகிறேன்.

கூலியை யார் எழுதுவது?

புரிவதற்காக ஒரு உதாரணம். 5 கிலோ பொடி, 100 கிராம் வீதம் 50 பாக்கெட். சரக்கு 1,500 ரூபாய். அரவைக் கூலி 150. கவர், லேபிள் 250. மொத்தம் 1,900. பாக்கெட் 50 ரூபாய்க்கு விற்றால் வரவு 2,500. "அறுநூறு லாபம்!" என்று நோட்டில் எழுதினோம்.

சுத்தம் செய்ய, காய வைக்க, சலிக்க, அடைக்க இரண்டு பேர் இரண்டு நாள் உழைத்தார்களே, அது எங்கே? ஆளுக்கு 300 ரூபாய் கூலி வைத்தாலும் 1,200 ஆகிறது. இப்போது செலவு 3,100. அப்படியானால் 600 லாபம் இல்லை, 600 நட்டம்! 75 ரூபாய்க்கு விற்றால் 3,750 வரும். கூலி போக 650 மிஞ்சும். அதிலும் பஸ் செலவு இருக்கிறது, வீணாவது இருக்கிறது. நம்ம உழைப்பை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது முக்கியம், கவனமாகக் கேளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு அரைக்க யாரிடமும் கேட்க வேண்டாம். விற்பனைக்குச் செய்தால் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். சோப்பும் இதில் சேர்த்தி. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். "உத்யம் பதிவு வச்சிருக்கோமே", "உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கே" என்று சிலர் சொல்கிறார்கள். உத்யம் என்பது தொழில் பதிவு. மற்றது ஊறுகாய்க்கும் முறுக்குக்கும். இரண்டும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது.

உரிமத்துக்குச் சுத்தமான தனி இடம் வேண்டும், சமையலறை போதாது. வேதியியல் படித்த தகுதியான ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். லேபிளில் பொருளின் பெயர், செய்தவர் முகவரி, எடை, சேர்மானம், தொகுதி எண், உரிம எண், எந்த மாதம் வரை உபயோகிக்கலாம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும்.

ஆனால் உரிமம் உள்ள கம்பெனியின் பொருளை வாங்கி விற்க இந்தத் தயாரிப்பு உரிமம் தேவையில்லை. பொட்டு, பவுடர், சோப்பு வாங்கி விற்கும் பக்கத் தொழிலை யாரும் தொடங்கலாம். பில் வாங்குங்கள். லேபிளில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

"ஏழு நாளில் சிவப்பாகலாம்" என்று பெயர் தெரியாத கிரீம் வரும், லாபமும் அதிகம் என்பார்கள். தொடாதீர்கள். 2023இல் கேரளா மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் பாதரசம். அந்தக் கிரீமை நாம் விற்றால், வாங்குவது நம்ம தெருப் பிள்ளைதான். கறுப்பு ஒரு நோயில்லை, அதற்கு மருந்தும் வேண்டாம்.

மூலிகை என்றாலும் கவனம் வேண்டும். கார்போகரிசி சேர்த்த பொடியைப் பூசி வெயிலில் போனால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். குழந்தைக்கான பொடியில் அது வேண்டவே வேண்டாம். சோப்புக்குக் காஸ்டிக் சோடா கலக்கும்போது தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

சரி, கடன்?

என் யோசனை இதுதான். ஒரு குழு தனியாக இடம் பிடித்து உரிமம் வாங்குவது கஷ்டம். பத்துக் குழு சேர்ந்தால் முடியும். கூட்டமைப்பின் பெயரில் ஒரே இடம், ஒரே உரிமம், ஒரே லேபிள். ப்ளஸ் டூவிலோ கல்லூரியிலோ வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள் நம்ம ஊரிலேயே இருப்பார். அவர் படிப்பு போதுமா என்று மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வோம். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் பயிற்சிக்கும் விசாரிப்போம்.

அதுவரை மூன்று மாதம் நம்ம வீடுகளில் மட்டும் உபயோகித்துப் பார்ப்போம். மழை மாதத்தில் ஒரு பாக்கெட்டை அலமாரியில் வைத்து, என்ன ஆகிறது என்று பார்ப்போம். உள்கடன் சின்னதாகப் போதும். வங்கிக் கடன் உரிமம் வந்த பிறகு.

அந்த ஆட்டை விற்ற அக்காமார்களில் ஒருவர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். "மறுபடி செய்வீங்களாக்கா?" என்று நேற்றுக் கேட்டேன். "செய்வேன். ஆனா இந்தத் தடவ நோட்டு என் கையில இருக்கணும்" என்றார். அவர் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.