மறதிக் கிணறும் மறக்காத மனிதர்களும்



இங்கே ஆப்பிரிக்காவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவையில் கொடுத்த மனுவின் படி வேண்டுமென்று கேட்டார். அவர்களுடைய வரலாறும் நமக்குப் பாடம் என்பது அவர் காட்டிய வழி. அந்த வழியில், தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா நிலத்தில் மூன்று ஊர்களைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றுக்கும் இன்று சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். அங்கே நாம் கேட்க வேண்டியவை: இதைச் செய்த கை யாருடையது? இங்கே சங்கிலியில் கிடந்தவர் யார்? இந்தக் கதையை இன்று சொல்பவர் யார்?

முதலில் இலே-இஃபே. உலகம் பிறந்த இடம் அதுதான் என்பது யொருபா மக்களின் நம்பிக்கை. அங்கே 1910இல் ஜெர்மானியர் லியோ ஃப்ரோபெனியஸ் வந்தார். சுடுமண் தலைகளையும் உலோகத் தலை ஒன்றையும் பார்த்தார். இவ்வளவு நேர்த்தியை ஆப்பிரிக்கர் படைத்திருக்க முடியாது, இது கடலில் மூழ்கிய அட்லாண்டிஸின் மிச்சம், கிரேக்கர் விட்டுச் சென்றது என்று முடிவு கட்டினார். 1938இல் அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு கட்ட மண் தோண்டியபோது மேலும் பல உலோகத் தலைகள் கிடைத்தன. அவை உள்ளூர்க் கலைஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வார்த்தவை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. உழைத்தவனிடமிருந்து உழைப்பின் பெருமையைப் பறிக்கும் இந்த வித்தை நமக்குப் பழக்கமானதுதான்.

கண்ணாடி மணிகளின் கதையும் அப்படியே. அவை வெளியிலிருந்து வந்த சரக்கு என்றே நெடுங்காலம் எழுதினார்கள். இஃபேயின் ஒலோகுன் தோப்பில் நடந்த ஆய்வுகள், கண்ணாடியை அங்கேயே உருக்கிச் செய்தார்கள் என்று காட்டின. ஆனால் மணி பதித்த முடியைச் சூடிய அரசர்களின் பெயர்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. உலைக்கு முன்னால் வெந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அந்நியர் பறித்தது ஒரு பாதி என்றால், அரண்மனை மறைத்தது மறு பாதி.

இரண்டாவது ஓஷோக்போ. ஓஷுன் ஆற்றங்கரையில் 75 ஹெக்டேர் புனிதக் காடு. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 1950களில் அந்தக் காட்டில் மரங்கள் வெட்டப்பட்டன, சிலைகள் களவு போயின. அதைக் காத்தவராக ஆஸ்திரியாவிலிருந்து வந்த சூசன் வெங்கர் என்ற ஓவியரை எல்லோரும் சொல்வார்கள். அவர் பங்கு பெரிது. அவரோடு நின்று சிற்பங்களை எழுப்பியவர்கள் உள்ளூர்த் தொழிலாளிகள். அடெபிசி அகாஞ்சி கொத்தனார். கசாலி அகாங்பே மரச் சிற்பி. அந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அந்த ஆறு இன்று நோயில் கிடக்கிறது. தங்கம் தோண்டும் வேலையால் நீர் பழுப்பேறிவிட்டது. ஆகஸ்டு திருவிழாவில் குழந்தை வரம் வேண்டியும் நோய் தீரவும் அந்த நீரை அள்ளிக் குடிக்கும் மக்கள், பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. காட்டுக்குப் பட்டயம் கொடுத்துவிட்டு ஆற்றைக் கைவிட்டால் எதைக் காப்பாற்றியதாகும்?

மூன்றாவது படாக்ரி. ஓகு மக்களும் யொருபா மக்களும் வாழும் கடலோர ஊர். அடிமைச் சந்தை நடந்த ஊர். அங்கே அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடி ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் உடைமையாளர் செரிகி வில்லியம்ஸ் அபாஸ். யொருபா ஊர் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதில் தகோமே படையினரிடம் பிடிபட்டு, விற்கப்பட்டு, பிரேசில் வரை போனவர். திரும்பி வந்து தானே அடிமை வணிகரானார். அவருடைய கல்லறையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சங்கிலியின் வலி தெரிந்தவன் சங்கிலியை அறுப்பான் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. வாங்கியது வெள்ளையர் என்றால், பிடித்துக் கொடுத்தது உள்ளூர் அரசர்களும் வணிகர்களும். அந்தக் கணக்கை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசும் மரபு, விற்கப்பட்டவர்களை இரண்டாம் முறை விற்கிறது. ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் தமக்குள்ளும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

படாக்ரியிலிருந்து படகில் காயலைக் கடந்தால் கபெரெஃபு தீவு. மணலில் நடந்து போனால் கடல். திரும்ப வழியில்லாத முனை என்று அதற்குப் பெயர். வழியில் ஒரு கிணறு உண்டு. ஊரை, உறவை, தன் பெயரையே மறக்கச் செய்யும் நீர் என்று சொல்லி அதை அடிமைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

குடித்தவர்கள் மறந்தார்களா? பிரேசிலின் பாயியா மாநிலத்திலும் கியூபாவிலும் ஓஷுன் இன்றும் வழிபடப்படுகிறாள். கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி பட்டவர்கள் அவளுடைய பாட்டையும் தாளத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் கடல் கடந்து ஓஷோக்போ ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறார்கள். சங்கிலி கட்டியவனிடம் பேரேடு இருந்தது, கப்பல் இருந்தது, அரசும் இருந்தது. கட்டுண்டவர்களிடம் நினைவு மட்டுமே இருந்தது.

நாமும் நம் முன்னோடி ஒருவரின் நினைவாகத்தான் இங்கே கூடியிருக்கிறோம். நினைவு ஒடுக்கப்பட்டவர்களின் ஆவணம். அதில் நம்மைச் செதுக்கிய கைகளின் பெயரையும் எழுதுவோம். நம்மவர் செய்த பிழையையும் எழுதுவோம்.