கறுப்புப் பொருக்கைத் தேடி



தொற்றுநோய்கள் எப்படி வருகின்றன, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்று பேசச் சொல்லி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் எல்லா நோயையும் தொட்டுப் பேசினால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு காய்ச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் இந்த மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்களில் அடிக்கடி தலைகாட்டுகிற காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்போம். காதில் ஒன்றுபோல விழுந்தாலும் டைஃபாய்டு வேறு, இது வேறு.

உண்ணி என்றதும் நாயின் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்குமே, மாட்டின் மடியில் தொங்குமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிப் போட்டுவிடலாம். நான் சொல்வது அதற்குத் தூரத்துச் சொந்தம். புதர் மண்டிய இடத்து மண்ணில் வாழும் சிற்றுண்ணி. அதிலும் நம்மைக் கடிப்பது அதன் குஞ்சு மட்டும்தான். ஆறு கால், உயரம் அகலம் எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். புல் நுனியில் காத்திருக்கும். எலியோ மனிதனோ உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். அது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலைக் கரைத்து, அந்தச் சாற்றை இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டுக் கீழே விழுந்துவிடும். கடிபட்டவருக்கு வலியே தெரியாது. வளர்ந்த பிறகு பூச்சி முட்டைகளைத் தின்று மண்ணிலேயே காலம் தள்ளும், நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

வீட்டில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடம் ஒரு கேள்வி. இந்தப் பூச்சி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஓர் உடம்பில் ஏறிக் கடிக்கிறது. கொசு என்றால் சரி, ஒரு நோயாளியைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடிக்கிறது, கிருமி இடம் மாறுகிறது. முதன்முதலாகக் கடிக்கிற இந்தக் குஞ்சுக்குள் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து. தாய் உண்ணி இடும் முட்டைக்குள்ளேயே கிருமி போய்விடுகிறது. அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிட்டால் அதற்குள்ளும் போகும். தலைமுறை தலைமுறையாகச் சொத்து கைமாறுகிறது. இதனால் இரண்டு சங்கதிகள். ஒன்று, உண்ணிக் காய்ச்சல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியை யாரும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம். இன்னொன்று, நோயாளிகள் அத்தனை பேரையும் குணப்படுத்திவிட்டாலும் நோய் அந்த மண்ணில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. நீளமான ஜப்பானியப் பெயர். ஜப்பானில் நீகாட்டா, அகிட்டா பக்கத்து ஆற்றுப்படுகைகளில் அறுவடைக்குப் போன விவசாயிகள் இந்தக் காய்ச்சலை வெகு காலமாக அறிவார்கள். கிருமி உடம்புக்குள் நுழைந்தால் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. கடித்து ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. கவனிக்காமல் விட்டால் குழாய்ச் சுவர் கசிய ஆரம்பித்து நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீரகம், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். உயிரே போகலாம்.

இங்கேதான் சிக்கல். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, ப்ளேட்லெட் குறைவு என்றால் உங்களுக்கு உடனே என்ன தோன்றுகிறது? டெங்கு. மருத்துவருக்கும் அதுதான் முதலில் தோன்றும். எலிக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும், டைஃபாய்டும் இப்படித்தான். வழக்கமான ரத்தக் கல்ச்சரில் இந்தக் கிருமி வளராது, உயிருள்ள செல்லுக்குள்தான் வளரும். எலைசா பரிசோதனை இருக்கிறது, நல்ல பரிசோதனை. ஆனால் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்த பிறகுதான் அது காட்டும். காய்ச்சல் கண்ட முதல் சில நாளில் எடுத்தால் இல்லை என்றே வரலாம். சின்ன ஆய்வகங்களில் இன்றும் வெயில்-ஃபெலிக்ஸ் என்ற பழைய சோதனைதான். அதற்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. 1920களில் கோலாலம்பூரில் ஃபிளெட்சர், லெஸ்லர் என்ற இருவர் மலாயாவின் டைஃபஸ் காய்ச்சல்களை ஆராய்ந்தார்கள். சோதனைக்கு இரண்டு கிருமி வளர்ப்புகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று கிங்ஸ்பரி என்பவர் கொண்டுவந்தது. குணம் மாறிப்போன வளர்ப்பு. நகரத்து டைஃபஸ் நோயாளியின் ரத்தத்துக்கு அது அசையவில்லை. காட்டுப்புறத்திலிருந்து வந்தவர்களின் ரத்தத்தில் மட்டும் திரண்டு நின்றது. இரண்டும் வேறு வேறு நோய் என்று அப்படித்தான் துலங்கியது. கிங்ஸ்பரியின் 'கே' இன்றைக்கும் ஆய்வக ரிப்போர்ட்டில் ஓஎக்ஸ்-கே என்று அச்சாகிறது. அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி நம் ஊர்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எந்த இயந்திரமும் இல்லாத இடத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் உண்மையில் பேச வந்தது இதைத்தான்.

உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில் முதலில் சின்னக் கொப்புளம் வரும். அது உடைந்து புண்ணாகி, நடுவில் கறுப்பாகப் பொருக்குத் தட்டும். சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். பீடி நெருப்பால் சுட்ட தழும்பு மாதிரி இருக்கும். ஆனால் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. எங்கள் பக்கத்து நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இதைப் பார்க்கலாம். பார்த்துவிட்டால், காய்ச்சலோடு இந்தப் பொருக்கும் இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பித்துவிடலாம்.

தொல்லை என்னவென்றால் அது நெற்றியிலோ புறங்கையிலோ வருவது அபூர்வம். உண்ணி உடம்பில் ஏறி, துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடம், தோல் மடிந்து ஈரமாக இருக்கும் இடம் தேடிப் போய் உட்காரும். அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, மார்பகத்தின் கீழ் மடிப்பு, தொப்புள், பாவாடை நாடா கட்டும் இடுப்பு, அரைஞாண் கயிற்றின் கீழ், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். ஆண்களிடம் பெரும்பாலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும், பெண்களிடம் மார்பிலும் வயிற்றிலும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நாக்கை நீட்டச் சொல்லி மருந்துச் சீட்டு எழுதினால் இது எப்படிக் கண்ணில் படும்?

ஒரு முறை நாற்பது வயதுப் பெண் ஒருவரைக் கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரிப்போர்ட்டுகள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை.

"எத்தனை நாளாம்மா காய்ச்சல்?"

"ஒரு வாரம் ஆகுது சார். ரெண்டு எடத்துல ஊசி போட்டாச்சு, குளுக்கோஸ் ஏத்தியாச்சு."

"காய்ச்சலுக்கு முன்னாடி எங்கே வேலைக்குப் போனீங்க?"

"நூறு நாள் வேலைதான். ஏரிக்கரையில முள்ளுச் செடி வெட்டினோம்."

அவர் பேசும்போதே மூச்சு வாங்கியது. எங்கள் வார்டு சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் குரல் வந்தது: "சார், இடுப்புல இருக்கு." அந்தம்மா விடவில்லை. "அது நாடா அழுத்துன தடம் சிஸ்டர், எப்பவும் இருக்கறதுதான்" என்றார். டாக்சிசைக்ளின் ஆரம்பித்தோம், ஆக்சிஜன் வைத்தோம். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரி இட்லி பிடிக்கவில்லை, ரசம் சாதம் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கணவரைப் பற்றி என்னிடம் புகார் வேறு. இரண்டே நாளில் காய்ச்சல் இறங்குவது இந்த மருந்தின் இயல்பு. அவ்வளவு பழைய, அவ்வளவு மலிவான மாத்திரை.

அந்த சிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரிடம் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று. பொருக்கைத் தேடும் முன் நெறிகட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பக்கத்துக் கால், பிட்டம், பிறப்புறுப்பு; அக்குளில் கட்டியிருந்தால் கை, மார்பு, முதுகு. கழுத்தில் என்றால் சீப்பை எடுத்து முடியை வகிடு வகிடாகப் பிரிப்பார். வலிப்போடு வந்த ஒரு பையனுக்கு அப்படித்தான் காதுக்குப் பின்னால், முடி மறைத்த இடத்தில் கண்டுபிடித்தார். பாட்டி சிரங்கு என்று நினைத்து மஞ்சள் அப்பியிருந்தார். ஈரமான மடிப்புகளில் பொருக்குக் கறுப்பாகவே இருக்காது, மஞ்சளாக ஆழமில்லாத புண்ணாக நிற்கும் என்பதும் அவர் கண்ணுக்குத் தெரியும். மருத்துவப் படிப்பில் எனக்கு இதை இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களை ஒரு வாரமாவது அவரோடு சுற்றச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். முதல் பொருக்கைத் தாங்களே கண்டுபிடித்த அன்று அவர்களைப் பிடிக்க முடியாது, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

ஒரு புறநோயாளிப் பிரிவுக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால் பெரிய இயந்திரத்துக்கு முன்னால் ஒரு திரைச்சீலையும், திரைக்குள் நல்ல விளக்கும், பெண் நோயாளிகளோடு நிற்க ஒரு நர்ஸும் வேண்டும் என்பேன். கூட்டம் நெரிகிற இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

நான் காட்டுப்பக்கமே போகவில்லையே டாக்டர் என்று கேட்பவர்களும் உண்டு. வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர் அப்படித்தான் சாதித்தார். கடைசியில் பார்த்தால் தினமும் விடியற்காலை நடைப்பயிற்சி, வீடு கட்டாமல் புதர் மண்டிக் கிடந்த மனைகளுக்கு நடுவே. எலி ஓடுகிற புதர் எங்கே இருக்கிறதோ அங்கே இந்த உண்ணி இருக்கலாம்.

மருந்து வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டையிட்ட வீரர்களுக்குக் குண்டைப்போலவே இந்தக் காய்ச்சலும் பயம். உடுப்பில் பூச்சி விரட்டும் மருந்தைத் தடவிக்கொண்டுதான் புதருக்குள் இறங்குவார்கள். போர் முடிந்து 1948இல் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் புதிதாக வந்திருந்த குளோரம்ஃபெனிக்காலை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தார். உண்ணிக் காய்ச்சல்காரர்கள் மளமளவென்று குணமானார்கள். இதில் ஒரு திருப்பம்: உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு. அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள்! டைஃபாய்டுக்கு அதுவரை மருந்தே கிடையாது. ஆள் மாறாட்டத்தில் கிடைத்த அந்த மருந்துதான் பிறகு பல ஆண்டுகள் உலகம் முழுக்க டைஃபாய்டு நோயாளிகளைக் காப்பாற்றியது.

இப்போது டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றி வந்தவர்களுக்கு இரண்டில் எது நல்லது என்பதில் வெகு நாள் குழப்பம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தபோது மரணம், நீடிக்கும் காய்ச்சல், தீராத சிக்கல்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று 33 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களிடம் அது 47, 48 சதவீதம். நம் ஊர் நோயாளிகள் படுக்கையில் கிடந்து தந்த விடை இது, உலகத்துக்கே பயன்படுகிறது. அதற்காக நாளைக் காலை மெடிக்கல் ஷாப்பில் போய் இந்த மாத்திரைகளைக் கேட்காதீர்கள், தயவுசெய்து. சாதாரணமாக எல்லாக் காய்ச்சலுக்கும் போடுகிறார்களே பென்சிலின் வகையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும், அவை இந்தக் கிருமியைத் தொடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடுப்பு பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தடுப்பூசி இன்னும் வரவில்லை. புதரில் வேலை செய்தால் முழுக்கை, முழுக்கால் மூடிய உடை, முடிந்தால் பூச்சி விரட்டி. வெறும் புல்லில் உட்கார வேண்டாம், கழற்றிய துணியைப் புதர் மேல் போட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் குளித்து, அந்தத் துணியைத் துவைக்கப் போட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றி எலி அடையாமல் புதரை வெட்டுங்கள், அதை வெட்டும்போதும் கவனம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் நாலைந்து நாள் தாண்டினால் மருத்துவமனைக்குப் புறப்படும் முன் நீங்களே அக்குளையும் இடுப்பையும் காதுப் பின்புறத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், பக்குவமாகச் சொல்லுங்கள். கறுப்பாக ஏதாவது தென்பட்டால், வலிக்காவிட்டாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும், காட்டுங்கள். முள் வெட்டப் போனதையும் ஆடு மேய்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தை பிறப்பதற்குள் யாராவது ஒருவருக்காவது அப்படிச் சரியான நேரத்தில் மாத்திரை கிடைத்தால், இந்தக் கால் மணி நேரம் கேட்ட உங்களுக்குத்தான் அந்தப் பெருமை.