சம்பானில் நாலு பேர்

கோல சிலாங்கூர் ஆற்றில் மின்மினி இருக்கிறது என்பதை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விருந்தாளி வந்தால் ஒரே வழக்கம்தான். பினாங்கு அத்தை குடும்பமோ, கல்யாணத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த பெரியப்பாவோ, லண்டனில் வேலை பார்க்கும் தங்கையோ, யார் வந்தாலும் பகலில் புக்கிட் மெலாவாத்தியில் குரங்குக்குக் கடலை, சாயங்காலம் பாசிர் பெனம்பாங்கில் மீன், இருட்டியதும் படகு.

இப்போது அந்தக் கடைசி வரி மாறிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் காரைவிட்டு இறங்கும்போதே கேட்பது, "ஸ்கை மிரர் எங்கே?" சாசாரான் கரையிலிருந்து விசைப்படகு பாய்ந்துபோய் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு. மேலே தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் வானம் தெரியும். கலர் கலராக உடுத்தி, வரிசையாகத் துள்ளிக் குதித்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். போகட்டும், அதுவும் ஓர் ஆசை. ஆனால் அதைப் படகுப் பயணம் என்று சொல்லாதீர்கள். அது படம்பிடிப்பு, படகு அதற்கு வாகனம், அவ்வளவே.

இன்னொரு மோகம், பருந்துக்குத் தீனி போடும் சவாரி. ஆற்றுமுகத்தில் கோழித்தோலை வீசுவார்கள். செம்பருந்துகள் கூட்டமாக இறங்கும். நம் வீட்டுப் பாட்டிமார் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. கோழித்தோலுக்குப் பழகிய கருடனைப் பார்த்து எதற்குக் கன்னத்தில் போட்டுக்கொள்வது என்று ஒரு பாட்டி படகிலேயே கேட்டாராம். கேள்வி நியாயமானது.

இந்த உரை வக்காலத்து வாங்குவது கம்போங் குவாந்தானில் பேர் வாங்கிய பழைய முறைக்கு. மரச்சம்பான். அதில் நாலு பேர், பின்னால் துடுப்போடு ஒருவர். இயந்திரம் கிடையாது, விளக்கு கிடையாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: இயந்திரம் கிடையாது, விளக்கு கிடையாது.

அந்தத் துடுப்புக்காரர் செய்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. எல்லோர் கண்ணும் மின்மினி மொய்க்கும் மரத்தில் இருக்கும். அவர் கையைப் பார்க்க வேண்டும். புதியவர் துடுப்புப் போட்டால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரிலிருந்து தூக்குவார். தூக்கும்போது சொட்டும், இறக்கும்போது சளப்பென்று அடிக்கும். கைதேர்ந்தவர் தூக்குவதே இல்லை. பின்னுக்கு இழுத்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்புகிறார். துடுப்பின் பலகை ஒருக்களித்துக்கொண்டு, விளிம்பால் தண்ணீரைக் கீறியபடி முன்னுக்கு வந்து நிற்கிறது. அடுத்த இழுப்பு. சத்தமே இல்லை. அந்தத் திருப்பலிலேயே படகின் மூக்கும் நேராகிவிடுவதால், துடுப்பை மறுபக்கம் மாற்ற வேண்டிய வேலையும் இல்லை.

இதற்கு மேல் ஆற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் ஏற்ற வற்றம் தொடும் ஆறு இது. ஏற்றத்தில் தண்ணீர் மேல்நோக்கி வரும், வற்றத்தில் கீழ்நோக்கி இழுக்கும். வற்றுகிற நேரத்தில் கீழ்நோக்கிப் போனால், போகும்போது படகு தானாக மிதந்துபோகும். துடுப்பு சுக்கானாக மட்டும் இருக்கும். திரும்பும்போது நடு ஆற்றில் மல்லுக்கட்டாமல், இழுப்பு குறைவான கரையோரமாகவே ஒட்டிக்கொண்டு வரவேண்டும். கரையோரம் என்றால் தாழ்ந்த கிளைகள், நீப்பாப் பனை மட்டைகள், சேறு. இருட்டில் அத்தனையையும் உரசாமல், கிளைக்கு ஒரு முழம் தள்ளிப் படகை அப்படியே நிறுத்திக் காட்டுவார்கள். அந்த நிறுத்தல்தான் வித்தை. வேகமாக ஓட்ட எவராலும் முடியும். ஓடுகிற தண்ணீரில் அசையாமல் நிறுத்த எல்லோராலும் முடியாது.

உங்களோடு பேசிக்கொண்டிருப்பவரின் சித்தப்பா ஒருவர் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்தார். "மின்மினி பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்க வாய்க்கா மேட்டுல பறக்காததா?" என்று படகுத்துறையில் ஆரம்பித்தவர், படகில் ஏறியும் விடவில்லை. ரப்பர் விலை, விமானச் சாப்பாடு, மருமகளின் தம்பி என்று பேச்சு நீண்டது. துடுப்புக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். படகு மெல்லச் சுழன்றது. ஏன் நிற்கிறது என்று சித்தப்பா திரும்பிப் பார்த்தபோது எதிரே மின்மினி மொய்த்த பெரெம்பாங் என்ற ஆற்றோர மரம். அப்புறம் வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்: "எல்லாம் ஒண்ணு சேர்ந்து கண்ணடிக்குதேடா!"

அதுதான் விஷயம். வாய்க்கால் மேட்டில் பறப்பவை தனித்தனியாக மின்னும். இங்கே இருப்பது ப்டெராப்டிக்ஸ் டெனர் என்ற இனம், உடல் அரிசி மணி அளவு. ஆண் பூச்சிகள் இலைகளில் உட்கார்ந்து, நொடிக்கு இரண்டு மூன்று தரம், ஒரே தாளத்தில் மின்னும். பெண்ணைக் கூப்பிடும் ஒளி அது. பெண் ஆற்றோரத்து ஈரமண்ணில் முட்டையிடுகிறது. புழு அங்கேயே சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்தபின் மரத்துக்கு வருகிறது. ஆக, மரமும் வேண்டும், கரைமண்ணும் வேண்டும், இருட்டும் வேண்டும். விசைப்படகின் அலை கரையை அரிக்கும். விளக்கு வெளிச்சம் கூப்பிடுகிற ஒளியை மறைக்கும். இயந்திரம் கிடையாது, விளக்கு கிடையாது என்பது பழைமை மீதுள்ள பிடிவாதம் மட்டுமல்ல என்பதைச் சொல்லவே இவ்வளவும்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் பேட்டரி மோட்டார் படகு விடுகிறார்கள். அகலமானது, சத்தம் குறைவு, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற இறங்க வசதி. சரிதான். ஆனால் பலர் சேர்ந்து உட்காருகிற படகில் யாராவது ஒருவருக்குத் தொலைபேசி அடிக்காமல் இருந்ததுண்டா? நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. கனத்தவர்கள் நடுவில், பிள்ளை அம்மாவின் பக்கத்தில், யாரும் எழுந்து நிற்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

இருட்டில் படகிலிருந்து ஒளிக்காகக் காத்திருக்கும் இந்த வழக்கத்துக்கு வெளிநாட்டிலும் உறவு உண்டு. இத்தாலியின் தென்பகுதியில் ஸ்ட்ரோம்போலி என்றோர் எரிமலைத் தீவு, உயரம் 924 மீட்டர். மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று அதற்குப் பெயர். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு பாய்மரப் படகில் அந்தத் தீவைச் சுற்றுகிறவர்கள், இருட்டியபின் சியாரா டெல் ஃபுவோக்கோ என்ற சரிவுக்கு எதிரே எட்ட நின்று, மலை நெருப்பைக் கக்கும்வரை காத்திருப்பார்கள். சில நேரம் கால் மணி ஆகும், சில நேரம் அதற்கும் மேல். லண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் அதையும் பார்த்துவிட்டு இதையும் பார்த்தார். எது மேல் என்று கேட்டதற்கு, அங்கே குளிர், இங்கே கொசு என்றார். இராஜதந்திரி.

நம் ஆற்றுக்குத் திரும்புவோம். இந்த ஆற்றோடு தோட்டங்களுக்கு உறவு புதிதல்ல. 1905-இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே இதே ஆற்றங்கரையில், ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டவர். 1917-இல் தெனமாராம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு அவருடையது. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் வாங்கினார். அந்தச் செம்பனை பிறகு ஆற்றின் விளிம்புவரை வந்து பெரெம்பாங் மரங்களின் இடத்தைப் பிடித்தது வேறு கதை. கோலகுபு பாரு அருகே அணை எழுந்தபோது, மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்து உப்பு ஏறினால் மரம் என்னாகும் என்று இயற்கை ஆர்வலர்கள் குரல் எழுப்பினார்கள். 2010-இல் அனைத்துலக மின்மினி ஆய்வாளர்கள் சிலாங்கூரில் கூடியபோது மின்மினிப் பாதுகாப்புக்காக வெளியிட்ட அறிக்கைக்கு சிலாங்கூர் பிரகடனம் என்றே பெயர்.

கடைசியாக, விருந்தாளியை எப்போது கூட்டிப்போவது? நாள்காட்டியில் அமாவாசை பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள். நிலா வெளிச்சத்தில் பாதி அழகு போய்விடும். மழை பெய்துகொண்டிருந்தால் வேண்டாம். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், கோலாலம்பூரே அங்கு நிற்கும். முழுக்கைச் சட்டை நல்லது. கேமரா ஃபிளாஷ் கூடாது; தொலைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. சாப்பாட்டைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். பாசிர் பெனம்பாங்கில் நண்டு வரட்டும் என்று காத்திருந்து, படகுத்துறை மூடியபிறகு வந்து சேர்ந்த குடும்பங்கள் உண்டு.